ஹெம்பெடு பூமியும் நிலவேம்பும்: இது யாருடைய மருந்து?

கேள்வி, 2 மார்ச் 2024, மாலை 6.10, பட்டர்வொர்த் வாசகி

எங்கள் பக்கத்துப் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் மைக் பிடித்து 'ஓராங் அஸ்லி (பூர்வகுடி) மருந்து, காட்டிலிருந்து நேராக வருகிறது' என்று ஹெம்பெடு பூமித் தூள் விற்கிறார். டப்பா 35 வெள்ளி. நிலவேம்பு மாதிரியே கசக்கிறது என்கிறார் அம்மா. அவருக்குச் சர்க்கரை. இரண்டும் ஒன்றுதானா? கொடுக்கலாமா?

2 மார்ச், இரவு 9.40

ஒன்றேதான், தங்கச்சி. ஹெம்பெடு என்றால் பித்தம். பூமியின் பித்தம் என்கிறார்கள் மலாய்க்காரர்கள், நிலத்து வேம்பு என்கிறோம் நாம். இரண்டு பாட்டிகள் தரையில் குந்தி ஒரே இலையைக் கடித்து ஒரே மாதிரி முகம் சுளித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

என்னைக் கேட்டால் ஓராங் அஸ்லி மருந்து, கம்பத்து (மலாய்க் கிராமத்து) மருந்து என்பதெல்லாம் நம் நாட்டு மருந்துதான், பெயர்தான் வேறு. பெகாகா வல்லாரை. மெங்குடு நுணா. லெங்குவாஸ் அரத்தை. டுக்கோங் அனாக் கீழாநெல்லி. காசு கொடுத்து ஏன் வாங்க வேண்டும்? என் வீட்டுக் கொல்லையில் கீழாநெல்லி தானாக முளைத்துக் கிடக்கிறது.

3 மார்ச், காலை 7.15

ராத்திரி எழுதியதில் முக்கியமான கேள்வியை விட்டுவிட்டேன். கொடுக்கலாமா என்றுதான் நீங்கள் கேட்டீர்கள். நானோ பெயர்ப் பட்டியல் வாசித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டேன்.

அம்மா சர்க்கரை மாத்திரை எடுக்கிறார் அல்லவா? நிலவேம்பும் சர்க்கரையை இறக்கக்கூடியது. இரண்டும் சேர்ந்தால் எவ்வளவு இறங்கும் என்று மைக் பிடித்தவர் சொல்ல மாட்டார். கிளினிக்கில் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள். இன்னொன்று, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கி, 8 இலக்கம் வந்து, கடைசியில் 'டி' (T) எழுத்து இருந்தால் பாரம்பரிய மருந்தாகப் பதிவானது. கூடவே ஹோலோகிராம் ஒட்டியிருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் உள்ளே என்ன அரைத்துப் போட்டிருக்கிறார்கள் என்பது அரைத்தவருக்குத்தான் வெளிச்சம்.

3 மார்ச், மதியம்

'தமிழ்நாட்டு அரசாங்கமே டெங்கிக்கு நிலவேம்பு கொடுத்ததே' என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர்கள் கொடுத்தது நிலவேம்புக் குடிநீர். அதில் 9 சரக்கு உண்டு: நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்பாடகம், சுக்கு, மிளகு. பெயர் நிலவேம்புக்கு, வேலை ஒன்பதுக்கும். வெறும் நிலவேம்பைத் தூளாக்கி டப்பாவில் அடைத்தால் அது வேறு சரக்கு.

4 மார்ச்

முதல் குறிப்பில் இன்னொரு உளறல். 'ஓராங் அஸ்லி மருந்து' என்று ஒன்றே ஒன்று இருப்பது போல எழுதிவிட்டேன். தீபகற்பத்தில் மட்டும் அதிகாரபூர்வக் கணக்கில் 18 இனக்குழுக்கள். நம் பினாங்குக்குப் பக்கம் என்றால் கெடா பாலிங்கில் இருக்கும் கென்சியு மக்கள். பேராக் பக்கம் செமாய், தெமியார். சிலாங்கூர், நெகிரி பக்கம் தெமுவான். மொழி வேறு, காடு வேறு. 'இந்தியச் சாப்பாடு' என்றால் என்ன என்று ஒருவர் கேட்டால் நாம் எப்படி முழிப்போம்? அதே கதைதான்.

எங்கள் ஆயா இவர்கள் எல்லாரையும் ஒரே சொல்லில் 'சாக்காய்' என்பார். தோட்டத்தில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். அடிமை என்கிற வாடை அடிக்கும் சொல் என்று தெரிந்தபோது எனக்கு முப்பது வயது. நம்மைக் 'கெலிங்' என்றால் நமக்கு எப்படிச் சுருக்கென்கிறது.

5 மார்ச், இரவு

ஆயாவைப் பற்றி எழுதியதும் தூக்கம் வரவில்லை. அவர் வைத்தியத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதிவிடுகிறேன்.

நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். இப்போது முழுக்கச் செம்பனை. விடியற்காலை இருட்டில், நெற்றியில் விளக்கோடு பால்மரம் வெட்டப் போவார்கள். வாரத்துக்கு ஒருவராவது கையைக் கிழித்துக்கொள்வார். தோட்டத்து மருந்தகத்து டிரெஸ்ஸரிடம் போனால் அரை நாள் கூலி போய்விடும். அதனால் நிரைக்குப் பக்கத்திலேயே ஒரு செடியைப் பறித்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, பச்சைச் சாறு சொட்டச் சொட்ட வெட்டில் அப்பி, சேலை முந்தானையைக் கிழித்துக் கட்டுவார்கள். இலை முக்கோணமாக, ஓரம் பல் பல்லாக இருக்கும். கசக்கினால் ஒரு நெடி, மூக்கை விட்டுப் போகாது. எரியும், இரத்தம் நிற்கும். நானே ஏழு வயதில் முழங்காலைக் கிழித்துக்கொண்டு அந்த எரிச்சலை அனுபவித்திருக்கிறேன். ஆயா அதைக் 'கப்பத்தெர்பாங்' என்பார். பாரம்பரியமாக ஊரிலிருந்து கொண்டுவந்த மூலிகை என்றுதான் நான் வளர்ந்து பெரியவன் ஆகும்வரை நம்பிக்கொண்டிருந்தேன்.

அது மலாய்ப் பெயர்: கப்பால் தெர்பாங். ஆகாய விமானம்! கப்பால் என்பது நம் 'கப்பல்' அங்கே போய்க் குடியேறிய சொல். தெர்பாங் என்றால் பறப்பது. செடியோ அமெரிக்கக் கண்டத்தது. போன நூற்றாண்டில்தான் இந்தப் பக்கம் களையாகப் பரவியது. அது முளைத்து நின்றது பிரேசில் ரப்பர் மரத்தின் அடியில். ஆயாவுக்கு அதைக் காட்டிக்கொடுத்தது பக்கத்துக் கம்பத்து மருத்துவச்சி.

தமிழ்ச் சொல்லும் மலாய்ச் சொல்லும் ஒட்டிய பெயர், அமெரிக்கச் செடி, மலாய்ப் பாட்டி சொன்ன பக்குவம், தமிழச்சி கையில் வெட்டு. இது யாருடைய மருந்து? 2 மார்ச் அன்று நான் எழுதிய 'எல்லாம் நம்முடையதே'வை இங்கேயே வாபஸ் வாங்குகிறேன்.

6 மார்ச், காலை

'சர்க்கரைக்கு நித்தியகல்யாணி ஐந்து பூ, வெறும் வயிற்றில்' என்று எழுதிய அண்ணனுக்கு: தயவு செய்து அந்தக் குறிப்பை எடுத்துவிடுங்கள். இங்கே கெமுந்திங் சீனா என்று வாசலில் வளர்க்கும் அதே செடிதான். ஜமைக்காவில் இதைச் சர்க்கரைக்குக் குடிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு 1950களில் கனடாவில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை இறங்கவில்லை, வெள்ளை அணுக்கள்தான் சரிந்தன. அதிலிருந்து எடுத்த மருந்தைத்தான் இன்று இரத்தப் புற்றுநோய்க்கு ஊசியில் சொட்டுச் சொட்டாக அளந்து ஏற்றுகிறார்கள். அதை நீங்கள் பூக்கணக்கில் அளக்கிறீர்கள்.

6 மார்ச், மாலை

கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். கோபம் உங்கள் மீது இல்லை, அண்ணே. எடுத்துவிட்டதற்கு நன்றி.

9 மார்ச்

தாப்பா கதையைச் சொல்கிறேன். மைக்காரர் சொல்லும் 'காட்டிலிருந்து நேராக' என்பதில் இருக்கும் விஷயம் அதில்தான் வருகிறது.

பத்துப் பதினைந்து வருடம் இருக்கும். பழைய சாலையில் தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும்போது வழிநெடுக செமாய்க்காரர்களின் மூங்கில் பந்தல்கள் வரும். பெத்தாய், காட்டுத்தேன், மூங்கில் குருத்து, சில பந்தல்களில் வேர். ஒரு வளைவில் காரை நிறுத்தினேன். உள்ளே என் வயதுக்காரர் ஒருவர், பக்கத்தில் அவர் அம்மா. பலகையில் ஆண்மைக்கு என்று விற்கும் தொங்காட் அலி மரத்தின் வேர் அடுக்கியிருந்தது, முழங்கை நீளம், தோல் சீவி, பழைய தந்தம் மாதிரி வெளிறிய மஞ்சள். ஒரு சீவலை நறுக்கிக் கொடுத்தார். வாயில் போட்டுக் கடித்தேன். நிலவேம்பு எல்லாம் பாயசம்! அந்தக் கசப்பு நாக்கின் வேரில் உட்கார்ந்துகொண்டு ரிங்லெட் வரை இறங்கவில்லை.

பாண்டித்தியத்தைக் காட்ட நினைத்து மலாயில் கேட்டேன்: "பாங், சர்க்கரை வியாதிக்கு உங்கள் ஆட்கள் என்ன குடிப்பார்கள்?"

அவர் அம்மாவைப் பார்த்தார். அம்மா சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே அரசாங்கக் கிளினிக் மாத்திரை. என் அம்மா அப்போது சாப்பிட்ட அதே வெள்ளை மாத்திரை.

அப்புறம் அவர் சொன்னதுதான் மனதில் நிற்கிறது. இந்த மரத்துக்கு ஆணிவேர்தான் மருந்து. ஒரு வேர் வேண்டுமானால் ஒரு மரத்தையே பிடுங்க வேண்டும். சிறு வயதில் வீட்டுக்குப் பின்னாலேயே கிடைத்ததாம். இப்போது ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும், ஏனென்றால் நடுவில் இருந்த காடு இல்லை. லோரியில் வரும் தவுக்கே (முதலாளி) கிலோக்கணக்கில் அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கொண்டு போவார். அது டப்பாவாகி, புலிப்படம் ஒட்டி, பாசார் மாலாமில் வந்து நிற்கும்போது அவரே அதை வாங்க முடியாது.

நான் வேர் வாங்கவில்லை. பெத்தாய் இரண்டு கட்டு வாங்கினேன். பேரமும் பேசினேன். இதை எழுதும்போது அதுதான் உறுத்துகிறது.

9 மார்ச், பின்குறிப்பு

'அப்போ தொங்காட் அலி கோப்பி?' என்று கேட்பவர்களுக்கு: ஆண்மைக்கு என்று விற்கும் கோப்பிகளில் சில்டெனாஃபில் கலந்தவை என்று அரசாங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான என்பிஆர்ஏ அவ்வப்போது பட்டியல் போடுகிறது. வயாகராவில் இருக்கும் அதே சரக்கு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பவர் அதைக் குடித்தால் இரத்த அழுத்தம் படாரென்று விழும். என் மாமா ஒருவர் 'வேரின் சக்திடா' என்று மூன்று மாதம் புகழ்ந்து குடித்தார். வேர் பாவம், அதற்குச் சம்பந்தமே இல்லாமல் இருந்திருக்கலாம்.

10 மார்ச்

கோலாலம்பூரிலிருந்து ஒருவர் நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்: ஓராங் அஸ்லி வைத்தியத்தில் செடி மட்டும்தானா?

இல்லை. நாம்தான் செடியை மட்டும் பிய்த்துப் பார்க்கிறோம். தெமியார் மக்களிடம் ஹாலா என்று சொல்லப்படுகிறவர் பாட்டால் வைத்தியம் செய்பவர். கனவில் ஓர் ஆவி, மலையுடையதாகவோ மரத்துடையதாகவோ இருக்கலாம், வந்து பாட்டு கற்றுக்கொடுக்கும். இரவில் அவர் ஒரு வரி பாட, பெண்கள் பின்பாட்டுப் பாடி, நெட்டையும் குட்டையுமான ஜோடி மூங்கில் குழாய்களைக் கட்டையில் குத்தித் தாளம் போடுவார்கள். வாசனை இலைகள் தொங்கும். அதில் எந்த இலை மருந்து, எந்த இலை அலங்காரம் என்று பிரித்துக் கேட்பதே நம் புத்தி. நம் ஊரிலும் வேப்பிலை அடித்து மந்திரிக்கும்போது குணமாக்கியது இலையா, மந்திரமா, பூசாரியின் சத்தமா என்று ஆயாவிடம் கேட்டிருந்தால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும்.

இதை டப்பாவில் அடைக்க வழி இல்லை. அதனால்தான் மைக்காரர் இதைப் பற்றிப் பேசுவதில்லை.

12 மார்ச், இரவு 11.50

இதை எழுதலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

என் பேத்தி பிறந்து நான்காவது நாள் கண் மஞ்சளானது. இது நடந்து பத்து வருடம் ஆகிவிட்டது. என் அம்மா அப்போது உயிரோடு இருந்தார். காமாலைக்குக் கீழாநெல்லிதானே என்றார். நானும் சரி என்றேன். கொல்லையில் போய்ப் பறித்து வந்ததே நான்தான். அம்மிக்கல்லில் அரைத்து, துணியில் வடிகட்டி, தாய்ப்பாலில் கலந்து அரைச் சங்கு. மூக்கைப் பிடித்துப் புகட்டினோம். குழந்தை அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது.

மறுநாள் கிளினிக் மிஸ்ஸி (தாதி) வீட்டுக்கு வரவேண்டிய நாள். 'அவள் வந்தால் திட்டுவாள், குழந்தை தூங்குகிறது என்று சொல்லி அனுப்பு' என்றார் அம்மா. அனுப்பினோம். அதற்கு அடுத்த நாள் மீண்டும் வந்தவர் மலாய்ப் பெண், நம் சங்கையும் அம்மிக்கல்லையும் பார்த்தார், திட்டவில்லை. "எங்கள் பாட்டியும் இதைத்தான் கொடுத்தார்" என்றார். குழந்தையின் மூக்கு நுனியில் விரலை வைத்து அழுத்தி எடுத்தார், அப்புறம் நெஞ்சில், அப்புறம் உள்ளங்காலில். உள்ளங்காலும் மஞ்சள். எழுந்து நின்று "இப்போதே கிளம்புங்கள்" என்றார். மூன்று நாள் நீல விளக்கு.

கீழாநெல்லியால்தான் ஏறியது என்று சொல்லவில்லை. பச்சைக் குழந்தையின் காமாலை வேறு, பெரியவர்களுடையது வேறு. குழந்தைக்குக் கல்லீரல் இன்னும் பழகவில்லை. சில குழந்தைகளுக்கு இரத்தச் சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைவு, இரத்தம் சீக்கிரம் உடையும். இங்கே பிறந்ததும் தொப்புள்கொடி இரத்தத்தில் அதைப் பார்ப்பது அதனால்தான். அந்த வீட்டில் அந்துருண்டை கூடாது என்பதும் அதனால்தான். இலை என்ன செய்தது என்பதை விடுங்கள், இரண்டு நாளை வீணாக்கியது நாங்கள். பேத்தி நன்றாக இருக்கிறாள். பித்தம் மூளைக்கு ஏறியிருந்தால் இந்த வரியை எழுத எனக்குக் கை வந்திருக்காது.

13 மார்ச்

ஆறுதல் சொன்ன எல்லாருக்கும் நன்றி. 'அண்ணன் இங்கிலீஷ் மருந்துக்குக் கட்சி மாறிவிட்டார்' என்று எழுதிய தம்பிக்கு: இன்று காலையும் தொண்டைக் கரகரப்புக்குக் கற்பூரவல்லி இலையை நெருப்பில் வாட்டிச் சாறு பிழிந்துதான் குடித்தேன்.

17 மார்ச்

'தாப்பாக்காரருக்குச் சட்டம் எதுவும் இல்லையா?' என்ற கேள்விக்கு. இருக்கிறது. உயிரியல் வளங்களை அணுகுவது, பலனைப் பகிர்வது பற்றிய 2017ஆம் ஆண்டுச் சட்டம், 795 என்ற எண், 2020 டிசம்பர் 18 முதல் நடப்பில். பூர்வகுடிகளின், உள்ளூர் மக்களின் அறிவைக் கொண்டு ஆராய்ச்சியோ வியாபாரமோ செய்தால் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும், வரும் பலனில் பங்கு தர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் தொங்காட் அலிச் சாறுக்கு மலேசிய அரசாங்கமும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து அமெரிக்கக் காப்புரிமை வாங்கியது 2006இல். வேரைப் பற்றி உலகத்துக்கு யார் சொன்னார்கள் என்று பங்கு பிரிக்க உட்கார்ந்தால், செமாய் சொல்வார், தெமுவான் சொல்வார், கம்பத்து போமோ (மலாய் வைத்தியர்) சொல்வார். எல்லாரும் சொல்வதும் உண்மைதான். யார் பெயரில் காசோலை எழுதுவது? ஆயாவின் கப்பத்தெர்பாங் போலத்தான் இதுவும் சிக்கலாகிறது. ஒரே வித்தியாசம், கப்பத்தெர்பாங்கில் யாரும் பணம் பண்ணவில்லை.

சரவாக் கதை இன்னும் விசித்திரம். 1987இல் லுண்டு பக்கம் ஒரு பிந்தாங்கோர் மரத்தில் இலையும் குச்சியும் எடுத்துப் போனார்கள். அமெரிக்காவில் சோதித்தால் எச்ஐவியைத் தடுக்கும் பொருள் இருந்தது. இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று திரும்பி வந்தபோது அந்த மரத்தை வெட்டியிருந்தார்கள். அப்புறம் அதே வகை மரத்தைத் தேடி சிங்கப்பூர்ப் பூந்தோட்டம் வரை போக வேண்டியதாயிற்று.

பாதரசம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: 20 வருடங்களுக்கு முன் நம் யூஎஸ்எம்மில் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில்) 100 தொங்காட் அலித் தயாரிப்புகளைச் சோதித்தார்கள். 26இல் பாதரசம் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. வேரைச் செமாய்க்காரர் பிடுங்கிய பிறகு எத்தனை கை மாறுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

20 மார்ச்

கீழாநெல்லியைக் கேவலப்படுத்திவிட்டேன் என்று இரண்டு பேருக்கு வருத்தம். இல்லை. 1988இல் சென்னையில் தியாகராஜன் குழு ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமந்துகொண்டிருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தது. மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் மறைந்தது, மருந்தே இல்லாத போலிக் குளிகை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான். லான்செட்டில் வந்தது. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து நோபல் வாங்கிய புளும்பர்க்கும் அதில் சேர்ந்திருந்தார். நாம் எல்லாரும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டோம். பிறகு வேறு இடங்களில் செய்து பார்த்தபோது அந்த மாதிரி பலன் வரவில்லை.

ஏன் என்பதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்று எனக்குப் பிடித்தது: எல்லாரும் பறித்தது ஒரே செடிதானா? மலாயில் டுக்கோங் அனாக் என்றால் குழந்தையை முதுகில் சுமப்பது. இலைக்காம்பைத் திருப்பினால் அடியில் வரிசையாகக் குட்டிக் காய்கள். நாமும் அதைப் பார்த்துத்தான் கீழ்க்காய் நெல்லி, கீழாநெல்லி என்றோம். ஆனால் அப்படிச் சுமக்கும் செடி ஒன்றல்ல. பச்சைத் தண்டு, வழவழப்பான காய், காய்க்குச் சின்னக் காம்பு என்றால் ஒன்று. சிவந்த தண்டு, காம்பே இல்லாமல் ஒட்டிய சொரசொரப்பான காய் என்றால் சிவப்புக் கீழாநெல்லி, அது வேறு.

24 மார்ச், காலை

பட்டர்வொர்த் தங்கச்சியின் பதில் பார்த்தேன். டப்பாவில் எண்ணும் இல்லை, ஹோலோகிராமும் இல்லை, அம்மாவிடமும் கொடுக்கவில்லை. நல்லது.

24 மார்ச், மாலை

'உங்கள் கொல்லைக் கீழாநெல்லியைப் படம் எடுத்துப் போடுங்கள், அடையாளம் பார்த்துக்கொள்கிறோம்' என்று கேட்டார்கள். மகளின் கைப்பேசியில் கிட்டத்தில் வைத்து எடுத்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் தண்டு சிவப்பு. காய் ஒவ்வொன்றும் பலாக்காய் மாதிரி சொரசொர, காம்பு இல்லை.

பக்கத்து வீட்டு மாக்சிக்கிடம் (மலாய் அம்மாவிடம்) வேலிக்கு மேல் காட்டினேன். "டுக்கோங் அனாக்லா, இதில் என்ன சந்தேகம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். என் மனைவி மட்டும் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்போ அன்னைக்கு பிள்ளைக்கு எதைப் பறிச்சுட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

2 மார்ச் குறிப்பில் கடைசி வரியை அடித்துவிட்டுப் படியுங்கள்.